ஆள் எப்படி?

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் பெரியப்பாவுக்கு மொத்தப் பலசரக்குக் கடை. அங்கே பதினோரு வருஷமாக வேலை பார்த்த அண்ணன், கல்லாவில் இருந்தவர், போன வைகாசிக் கடைசியில் ஆறாயிரம் ரூபாயை எடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. எடுத்த பத்தாம் நாள் நாலாயிரத்தை யாரும் கேட்காமலேயே திரும்ப வைத்திருக்கிறார். மீதி இரண்டாயிரத்தை வைப்பதற்குள், மாசக் கணக்குக்காக நான் சிட்டையையும் பில் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டேன். அவராக மாட்டினாரா, நான் மாட்டிவிட்டேனா என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டில் பஞ்சாயத்து. பெரியப்பா, "எடுத்தா எடுத்ததுதான், ஆறாயிரம்னாலும் ஆறு ரூபாய்னாலும் களவு களவுதான்" என்றார். வங்கியில் வேலை பார்க்கிற அத்தான், "கோபத்துல பேசாதீங்க மாமா, கூட்டிக் கழிச்சுப் பாருங்க, அவரை அனுப்பிட்டா மேலூர், உசிலம்பட்டி பாக்கியெல்லாம் எவன் வசூல் பண்ணுவான்" என்றார். அப்பத்தா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, "அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு நமக்குத் தெரியாதாடா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வேளை தெரியாமல். கல்லூரியில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்து, அறவியலில் மூன்று பெரிய வழிகள் உண்டு என்று பரீட்சைக்காக உருப்போட்டவன் நான். விதியைப் பார், விளைவைப் பார், குணத்தைப் பார். அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மூன்று பேர் ஆளுக்கொரு வழியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் எதை நம்பலாம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். பாதிக்கு மேல் மூன்றாவதைப் பற்றி, குணத்தைப் பற்றி. நம் ஊரில் பெண் கொடுப்பதிலிருந்து வீடு வாடகைக்கு விடுவது வரை முதலில் வருகிற கேள்வி "ஆள் எப்படி?" என்பதுதானே. அதற்கு மேலைநாடுகளில் நற்பண்பு அறவியல் என்று பெயர் வைத்து ஒரு பெரிய மரபே இருக்கிறது. வாயில் நுழைய வேண்டும் என்பதற்காக நான் குணவழி என்றே சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் பெரியப்பாவின் வழி. ஜெர்மனிக்காரர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் ஒரு சோதனை வைத்தார். நீ எந்தக் கொள்கையில் நடக்கிறாயோ அதே கொள்கையில் எல்லோரும் நடக்கட்டும் என்று உன்னால் மனதார விரும்ப முடியுமா? "கஷ்டம் வந்தால் கல்லாவில் கை வைக்கலாம், அப்புறம் வைத்துவிடலாம்" என்பதை எல்லோருக்கும் பொதுவாக்கிப் பாருங்கள், கல்லா என்ற ஒன்றே இருக்காது, வெறும் மேஜை டிராயர்தான் மிஞ்சும். காண்ட் சொல்லும் உதாரணங்களில் ஒன்றுகூடக் கிட்டத்தட்ட இதுதான், திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே தருவதாகச் சொல்லிக் கடன் வாங்குகிறவன். எங்கள் அண்ணன் அந்த அளவுக்குப் போகவில்லை, நாலாயிரத்தை வைத்தவராயிற்றே.

விதிவழியின் பெரிய பலம், அது ஆள் பார்க்காது. பெரியப்பா மகன், எனக்குத் தம்பி, தினமும் காலையில் கல்லாவைத் திறந்து பெட்ரோலுக்கு இருநூறு ரூபாய் எடுப்பான், சிட்டையில் ஏறவே ஏறாது. கடை பெரியப்பாவும் எங்கள் அப்பாவும் சேர்ந்து போட்டது, ஆகவே அவன் அப்பா காசு என்றும் முழுசாகச் சொல்லிவிட முடியாது. "களவு களவுதான்" என்று பெரியப்பா முழங்கிக்கொண்டிருந்தபோது தம்பி அதே கூடத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தான். வருஷக் கணக்குப் போட்டால் அவனுடையது அறுபதாயிரத்துக்குக் குறையாது. விதியை நேர்மையாகப் பிடித்தால் அது முதலில் கடிப்பது முதலாளி வீட்டு ஆளைத்தான், அதனால்தான் முதலாளிகள் விதியைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அதன் பலவீனம் ஊரறிந்தது. உன் சிநேகிதனைக் கொல்லத் தேடி வருகிறவன் வாசலில் நின்று "அவன் உள்ளே இருக்கிறானா" என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று காண்ட் 1797-இல் ஒரு கட்டுரையே எழுதினார். நம் ஆட்கள் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புரைதீர்ந்த நன்மை தருமானால் பொய்யும் வாய்மை இடத்தது என்று வள்ளுவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அத்தானின் வழி இன்னும் லேசாகப் புரியும். ஜெரமி பெந்தம் 1789-லும் அவருக்குப் பின் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் எழுதியது. எதைச் செய்தால் எல்லோருக்குமாகச் சேர்த்து நன்மை கூடுமோ, துன்பம் குறையுமோ, அதுதான் சரி. இதில் எனக்குப் பிடித்தது, அறையில் இல்லாதவர்களையும் கணக்கில் உட்கார வைக்கிறது. பள்ளிக்கூடம் போகிற அந்தப் பெண்பிள்ளை, கடையில் மற்ற ஆறு பேர், பாக்கி வைத்திருக்கிற கிராமத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அத்தான் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுத ஆரம்பித்தார். புது ஆளுக்குச் சம்பளம், அவன் சரக்கைப் பழகுவதற்கு மூன்று மாசம், வராமல் போகக்கூடிய பாக்கி. எல்லாம் நன்றாகத்தான் போனது. "மத்த ஆறு பேருக்கும் ஒரு பாடம்" என்ற வரிக்கு எவ்வளவு ரூபாய் போடுவது என்று வந்ததும் நின்றுவிட்டார். பெரியப்பா பத்தாயிரம் என்றார், அத்தான் ஆயிரம் என்றார். அவரவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முன்பே தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற தொகையைப் போடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அது மட்டுமா, பாடம்தான் முக்கியம் என்றால் எடுக்காத ஒருவரைப் பிடித்துத் தண்டித்தாலும் அந்தப் பாடம் கிடைத்துவிடுமே! இந்தக் கேள்வி ரொம்ப காலமாக அந்த வழியைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

சரி, அப்பத்தாவுக்கு வருவோம்.

குணவழியின் மூலவர் அரிஸ்டாட்டில், சுமார் 2,300 வருஷத்துக்கு முந்தியவர். "என்ன செய்யலாம்?" என்பதற்கு முன்னால் "எப்படிப்பட்ட மனிதனாக வாழ்வது நல்லது?" என்று கேட்டவர். இடையில் காண்ட் பக்கமும் மில் பக்கமும் ஆள் சேர்ந்து இந்தக் கேள்வி ஓரமாகப் போய்விட்டது. 1958-இல் இங்கிலாந்தில் எலிசபெத் ஆன்ஸ்கம் என்ற அம்மையார் ஒரு கட்டுரையில் போட்டு உடைத்தார். கட்டளை போட ஒரு கடவுள் இருக்கிறார் என்ற நம்பிக்கையை விட்டுவிட்டு, 'செய்தே ஆக வேண்டும்' என்ற கட்டளைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அதிலிருந்துதான் மறுபடி பேச்சு சூடு பிடித்தது.

இதன் பலத்தை எங்கள் கடையிலேயே காட்டுகிறேன். அந்த அண்ணன் கல்லாவுக்கு வருவதற்கு முன் ஐந்து வருஷம் தராசில் நின்றவர். துவரம்பருப்பைச் சாக்கிலிருந்து அள்ளிக் காகிதத்தில் சரித்தால் கிலோவுக்கு ஐந்து கிராம் முன்னே நிற்கும், பின்னே நிற்காது. ஐப்பசி அடைமழையில் மண்டை வெல்லம் ஈரம் குடித்துக் கனக்கும், தராசு சரியாகக் காட்டினாலும் வாங்குகிறவருக்கு வெல்லம் குறையும். அதற்கென்று ஒரு சின்னக் கட்டியை உடைத்துச் சேர்த்துப் போட்டுவிட்டுத்தான் சணலைச் சுற்றுவார். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, எந்தச் சட்டமும் கேட்கவில்லை, வாங்கிப் போகிறவருக்கே தெரியாது. கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான், வாசித்து வாசித்துத்தான் யாழ்க்காரன் ஆகிறான், அதுபோல நேர்மையாக நடந்து நடந்துதான் நேர்மையானவன் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் சொல்வது இதைத்தான். நல்லது என்பது புத்தியில் ஏறிய பாடத்தைவிட, கையில் ஏறிய பழக்கம். அந்தப் பழக்கத்தோடு, இந்த நேரத்தில் இந்த ஆளுக்கு எது சரி என்று கண்டுபிடிக்கிற விவேகமும் வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் ஃப்ரொனேசிஸ். 'மழைக்காலத்தில் வெல்லத்துக்கு இருபது கிராம் கூடப் போடு' என்று விதி எழுதலாம், ஆனால் எந்த வெல்லம் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பது யார்?

அவர் சொன்ன 'நடுநிலை'யையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், எல்லாவற்றிலும் பாதியில் நில் என்பதுபோல. அவரே மல்யுத்த வீரன் மைலோவை வைத்து விளக்கியிருக்கிறார். பத்துப் பங்கு சாப்பாடு அதிகம், இரண்டு பங்கு கம்மி என்றால் எல்லோருக்கும் ஆறு பங்கு என்று ஆகிவிடாது, மைலோவுக்கு அது காணாது, புதிதாகக் களத்தில் இறங்கும் பையனுக்கு அதிகம். சாப்பாட்டுக் கடையில் லோடுமேனுக்கும் ஆபீஸ்காரருக்கும் ஒரே அளவு சோறு போடுகிறவன் பரிமாறத் தெரியாதவன். கோபமும் அப்படித்தான். பெரியப்பா அன்றைக்குக் கோபப்பட்டதே தப்பு என்று அரிஸ்டாட்டில் சொல்லமாட்டார். யார்மீது, எவ்வளவு, எந்த நேரத்தில், எந்தத் தொனியில் என்றுதான் கேட்பார். விதிவழியிலும் விளைவுவழியிலும் தொனி என்கிற விஷயத்துக்கு இடமே ஒதுக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். நம் வீடுகளில் பாதிச் சண்டை தொனியில்தானே வருகிறது.

மைக்கேல் ஸ்டாக்கர் 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வரும் காட்சியை நான் மதுரைக்குக் கொண்டு வந்துவிடுகிறேன். நீங்கள் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்கள். பழைய சிநேகிதன் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வருகிறான், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறான், உங்களுக்குக் கண் கலங்குகிறது. நன்றி சொல்கிறீர்கள். அவனோ, "சேச்சே, நோயாளியைப் பார்ப்பது கடமை, அதான் வந்தேன்" என்கிறான், விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே. இல்லாவிட்டால், "இன்னைக்கு நான் செய்யக்கூடிய காரியத்திலேயே அதிகப் பலன் தருவது இதுதான்னு கணக்குப் பார்த்தேன்" என்கிறான். சாத்துக்குடி புளித்துவிடும். அவன் 'உனக்காக' வந்திருக்க வேண்டும். அந்த 'உனக்காக' என்கிற மனசுக்கு மார்க் போடுவது குணவழிதான். காண்டும் மனசைப் பார்ப்பார், ஆனால் கடமை உணர்ச்சிக்குத்தான் மார்க் போடுவார். விளைவுவழியில் அதைப் பின்னால் ஒட்டுப்போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, இது மேலமாசி வீதி சமாச்சாரம் என்பதால் சொல்லாமல் போக முடியவில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அங்கே ஒரு வீட்டு மாடியிலிருந்து அரையாடையோடு இறங்கினார். எந்த விதி அவரை அப்படிச் செய்யச் சொன்னது? முழு வேட்டி சட்டையோடு போனாலும் அவர் செய்தது எதுவும் குற்றமாகியிருக்காது. லாப நட்டம் பார்க்கிறவர் அதைச் செய்திருக்கவும் மாட்டார். ஏழைகளுக்கு இல்லாத துணி எனக்கு மட்டும் எதற்கு, நான் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் கண்ட பதில் அது. மற்றவர்களும் அப்படி உடுத்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்ட கேள்வி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இனிக் குறைகள். குணவழிக்காரர்களை எதிர்த்து எல்லோரும் முதலில் சொல்வது, அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது என்பது. நல்ல மனிதன் இந்த இடத்தில் என்ன செய்வானோ அதைச் செய் என்பார்கள். ரோஸலிண்ட் ஹர்ஸ்ட்ஹவுஸ் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். குணத்தின் பெயர்களே கட்டளைதான், நேர்மையாக இரு, கொடுமை செய்யாதே, கருணையோடு நட, இவற்றைவிட என்ன வழிகாட்டல் வேண்டும் என்கிறார். நல்ல பதில்தான். ஆனால் எங்கள் கூடத்தில் அன்றைக்கு நேர்மைக்கும் கருணைக்கும்தானே சண்டை? நல்ல மனிதரைக் கேள் என்றால் எந்த நல்ல மனிதரை? பெரியப்பாவை நாலு மாசி வீதியிலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அப்பத்தாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் எதிரெதிர். ஆனாலும் இந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விதி வைத்திருக்கிறவர்களுக்கும் இரண்டு விதி மோதும்போது இதே முழிதான்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த குறை வேறு. குணம் என்று ஒன்று, நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியாக, மனிதருக்குள் இருக்கிறதா?

அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் நடத்திய சோதனை 1973-இல் வெளிவந்தது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சின்னப் பேச்சு பேச வேண்டும் என்று மாணவர்களை ஒவ்வொருவராக அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற சந்தில் ஒருவர் தலையைத் தொங்கப் போட்டு இருமிக்கொண்டு சரிந்து கிடந்தார், அதுவும் ஏற்பாடுதான். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் நின்று ஏதாவது உதவினார்கள். கொஞ்சம் அவசரம் என்றால் 45. நேரமாகிவிட்டது ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியன் கதையைப் பேசப் போகிறார்களா, வேறு தலைப்பா என்பதெல்லாம் பெரிய வித்தியாசம் உண்டாக்கவில்லை. கில்பர்ட் ஹார்மன், ஜான் டோரிஸ் போன்றவர்கள் இந்த மாதிரி சோதனைகளை எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் குணம் என்று சொல்வது பெரும்பாலும் சூழ்நிலைதானய்யா என்று பிடிபிடி என்று பிடித்தார்கள்.

அவசரம் என்றதும் எனக்கு நம்மூர் ராஜா ஞாபகம் வந்துவிட்டது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட நேரம் எது? ஊடிப் போன தேவியைச் சமாதானம் செய்ய அந்தப்புரம் போய்க்கொண்டிருந்தான். வழியிலேயே, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவா என்று சொல்லி நடந்துவிட்டான். கெட்டவன் இல்லை. "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அந்த இடத்திலேயே உயிரை விட்டவனைக் கெட்டவன் என்று எப்படிச் சொல்வது? தப்பு தெரிந்த மாத்திரத்தில் அப்படி நொறுங்கிப் போகிற மனசு லட்சத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும். குணவழி அவனுக்குக் கோயில் கட்டும். கோவலன் எழுந்து வரப் போவதில்லை. அந்த நாலடி தூரத்தில், ஒரு தடவை நின்று விசாரி என்ற ஒரு சாதாரண நடைமுறை இருந்திருந்தால் அவ்வளவு பெரிய குணம் தேவைப்பட்டிருக்காது.

இதற்குக் குணவழிக்காரர்கள் சொல்லும் பதில், உண்மையான நற்குணம் அபூர்வம், அரைகுறையாக இருப்பவர்கள் தடுமாறுவதால் குணமே இல்லை என்று ஆகிவிடாது என்பது. ஜூலியா அன்னாஸ் குணத்தை ஒரு கைத்திறனோடு ஒப்பிடுகிறார், எல்லோரும் ஒரே அளவுக்குக் கற்றிருக்க மாட்டார்கள்தானே. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடை நடத்துகிறவனுக்கு அந்தப் பதிலால் என்ன பிரயோஜனம்? அபூர்வமானவர்களை நம்பிக் கல்லாவைத் திறந்து போட முடியுமா?

இதில் வள்ளுவர் நமக்கு முன்னால் போய் நிற்கிறார். "குணம்நாடிக் குற்றமும் நாடி" என்று எல்லோரும் மேடையில் சொல்லும் குறள், வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் இருக்கிறது. அப்பத்தா கட்சிக்கு அதுதான் ஆதாரம். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே இப்படியும் வருகிறது: "எனைவகையான் தேறியக் கண்ணும் வினைவகையான் வேறாகும் மாந்தர் பலர்." எத்தனை விதமாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்தாலும், கொடுத்த வேலையின் தன்மையால் வேறு ஆளாகிப் போகிறவர்கள் பலர். பலர் என்கிறார், சிலர் என்று சொல்லவில்லை. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் வேலை செய்கிறவனைத் தினமும் கவனி என்கிறது. தராசில் நின்றவரைக் கல்லாவில் உட்கார வைத்தது நாங்கள். ராத்திரி பத்து மணிக்குத் தனியாளாகப் பணத்தை எண்ண வைத்ததும் நாங்கள். சம்பள முன்பணம் கேட்டால் முகத்தைச் சுளிக்கிற பழக்கமும் எங்களுடையது. "ஆளு நல்ல ஆளு" என்ற ஒரே வார்த்தையால் இது எல்லாவற்றையும் பார்க்காமல் விட்டிருந்தோம்.

இன்னொரு குறை இந்த ஊரில் பிறந்தவர்கள் மறக்கக் கூடாதது. நல்ல குணம் என்றால் என்ன என்று முடிவு செய்வது யார்? அலஸ்டர் மெக்கின்டயர் 1981-இல் எழுதிய நூலில், ஒரு மரபுக்குள்ளே, ஒரு சமூகத்தின் வாழ்க்கைக்குள்ளே வைத்துத்தான் நற்பண்புக்கு அர்த்தம் வருகிறது என்று வாதிட்டார். கேட்க இதமாக இருக்கும். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். அதை எதிர்த்தவர்கள் ஊரில் ரௌடிகள் இல்லை. ஆசாரமானவர்கள், பக்திமான்கள், சொல் தவறாதவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்த மரபின் அளவுகோலில் தள்ளி நிற்கச் சொல்வதே ஒழுக்கமாக இருந்தது. அரிஸ்டாட்டிலே அடிமைகள் சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று எழுதியவர்தான், ஏதென்ஸின் கனவான்கள் தலையாட்டியிருப்பார்கள். இந்த இடத்தில் மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு காண்ட் பக்கம் போய்விடுவேன். மனிதன் என்றால் மனிதன், நல்லவனா கெட்டவனா, உன் ஊரா அசலூரா என்ற கேள்வி அப்புறம்.

கடைசியாக, கண்ணகி. மதுரையை எரிக்கச் சொன்னபோது அக்னியிடம் பட்டியல் கொடுத்தாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள், இவர்களை விட்டுவிடு, தீயவர்கள் பக்கம் போ. சின்ன வயதில் கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது. யார் அறவோர், யார் தீத்திறத்தார் என்று நெருப்புக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை ஆறாயிரம் எடுத்துப் பத்து நாளில் நாலாயிரம் வைத்தவர் எந்தப் பக்கம்?

அந்தப் பஞ்சாயத்துக்கு நடுவில் எனக்குப் பட்டது இதுதான். குணவழிக் கேள்வியை, காந்தி தன்னைக் கேட்டுக்கொண்டதுபோல, என்னைப் பார்த்து நானே கேட்டால் அதுபோல் உதவுகிற இன்னொன்று கிடையாது, இந்த முடிவை எடுக்கும்போது நான் எப்படிப்பட்டவனாக இருக்கிறேன், பயந்தவனாகவா, பழிவாங்குகிறவனாகவா, சோம்பேறியாகவா. அதே கேள்வியை அடுத்தவரைப் பார்த்துத் திருப்பி, அவர் எப்படிப்பட்டவர் என்று ஆரம்பித்தால், கெட்டவர் என்று முடிந்தாலும் நல்லவர் என்று முடிந்தாலும் விபரீதம்தான். கெட்டவர் என்றால் பதினோரு வருஷம் அழிந்துபோகும், நல்லவர் என்றால் ஆறாயிரம் மறைந்துபோகும். அடுத்தவரைப் பொறுத்தவரை செயலைப் பார்க்க வேண்டும், அதற்கு விதி போதும். கூடவே அந்தச் செயல் நடக்க இடம் கொடுத்த ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும், அதற்கு அத்தானின் தாள் பிரயோஜனப்படும்.

இதையெல்லாம் இவ்வளவு கோர்வையாக அன்றைக்கு நான் பேசவில்லை. "பெரியப்பா, தம்பி எடுக்கிற இருநூறையும் சேர்த்துத்தான் பேசணும்" என்று மட்டும் சொன்னேன். கூடம் அமைதியாகிவிட்டது. தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை, இன்றைக்கும் அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

முடிவு இப்படி ஆனது. ராத்திரி கல்லாவை இனி இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுவது. முன்பணத்துக்குத் தனி நோட்டு, ஒரு மாசச் சம்பளம் வரை காரணம் கேட்காமல் தருவது. மீதி இரண்டாயிரத்தை நாலு மாசமாகப் பிடித்துக்கொள்வது. அண்ணனைக் கல்லாவிலிருந்து எடுத்து மறுபடி தராசுக்கு. வீட்டு ஆள் யார் எடுத்தாலும் சிட்டையில் ஏற வேண்டும். போலீஸ் பேச்சு அதோடு போயிற்று.

சொல்கிற விதத்தை மட்டும் அப்பத்தா பார்த்துக்கொண்டார். "எல்லாரும் இருக்கும்போது கூப்பிட்டுப் பேசாத, ஷட்டரை இறக்கிட்டுப் பேசு, உக்கார வச்சுப் பேசு" என்று பெரியப்பாவிடம் சொல்லியனுப்பினார். மறுநாள் அப்படித்தான் நடந்தது. பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே இரண்டு சர்க்கரை மூட்டைகள்மேல் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள், நான் வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன். "முதலாளி" என்று ஒரு தடவை அண்ணன் குரல் உடைந்தது கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் நாலு மாசம் முடியும்வரை இருந்தார், இரண்டாயிரமும் தீர்ந்தது, தீபாவளி வியாபாரமும் முடிந்தது, அதன்பின் தானாகவே நின்றுகொண்டார். வேறு ஊரில் ஒரு கடையில் கேட்டிருக்கிறார்கள் என்றார். தராசில் திரும்பப் போய் நின்றது அவருக்கு எப்படி இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. போன மாசம் அந்தக் கடைக்காரர் பெரியப்பாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது. "அண்ணாச்சி, உங்ககிட்ட இருந்தவரு, ஆள் எப்படி?"

பெரியப்பா கொஞ்ச நேரம் கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷம் இருந்தாரு. ஒரு தடவை மக ஃபீஸுக்குக் கேக்காம ஆறாயிரம் எடுத்தாரு, நாலாயிரத்தை அவராவே வச்சாரு, மிச்சத்தைச் சம்பளத்துல பிடிச்சோம். அவசரத்துக்குக் கேட்டா கொடுக்கிற மாதிரி நாங்க நடந்துக்கல. மழைக்காலத்துல வெல்லம் நிறுக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க."

அந்தப் பக்கத்தில் ஒன்றும் புரியாத மாதிரி ஒரு இடைவெளி. "சரி அண்ணாச்சி, மொத்தத்துல ஆள் நல்லவருதானே?"

"நான் சொன்னதுதான்" என்றார் பெரியப்பா. போனை வைத்துவிட்டு, அவருக்கு அங்கே வேலை போய்விடுமோ என்று என்னைக் கேட்டார்.